பொத்தான் எந்தப் பக்கம்

எங்கள் பின்னிஷ் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
போனது ஆணா பெண்ணா என்று
வாக்கியம் காட்டிக்கொடுக்காது.
அந்த வேலையைச் சட்டை பார்த்துக்கொள்கிறது:
ஆணுக்குப் பொத்தான் வலப்பக்கம்
பெண்ணுக்கு இடப்பக்கம்.

தம்பெரே நகரில் இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டினேன்.
சேர்ந்த அன்று கிடங்கில் பெண் அளவு இல்லை
அடுத்த மாதம் வந்துவிடும் என்றார்கள்.
வலப்பக்கப் பொத்தானோடு
பதினோரு குளிர்காலம் போனது.
விரல்கள் பழகிவிட்டன.
வீட்டில் என் சொந்தச் சட்டையைப் போடும்போது
வேறு யாருக்கோ உடுத்திவிடுவதுபோல்
தடுமாறின.

அதனால் இந்தக் கோட்டு.
சாம்பல் நிறக் கம்பளி.
இரண்டு பக்கமும் பொத்தான், இரண்டு பக்கமும் துளை;
எப்படி மூடினாலும் ஒரு வரிசை மிஞ்சும்.
இடக்கை, வலக்கையைவிட இரண்டு விரல்கடை நீளம்.
பனியில் சறுக்கித் தோள் ஒடிந்து கூடியபின்
என் கை அப்படித்தான் தொங்குகிறது
கடையில் வாங்கிய எதுவும் அதை ஒப்புக்கொண்டதில்லை.
வலப்பக்கப் பைக்கு அடி கிடையாது.
அது ஏன் என்று கேட்காதீர்கள்.

நாங்கள் மூன்று பேர்
மூடிப்போன செருப்புக்கடை ஒன்றை
இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம்.
துவோவி, தன் நான்கு வயதுப் பனியுடையை
இன்றைய உயரத்துக்குப் பெரிதாக்கித் தைத்திருந்தாள்,
முழங்கால் ஒட்டு, கையுறைக் கயிறு எல்லாம் அப்படியே.
இன்கெரி உடையே தைக்கவில்லை.
நாற்பத்தொரு பைகள், சுவரில் குத்தியிருந்தன.
மீதித் துணி எங்கே என்றவர்களிடம்
"அது எனக்குத் தேவைப்படவில்லை" என்றாள்.

என் கோட்டை நடுவில் தொங்கவிடச் சொன்னார்கள்.
கோட்டுக்கு இடம் கதவோரம்தான் என்று
ஆணியடித்து மாட்டினேன்.

திறப்பு விழா அன்று மழையும் பனியும் கலந்து கொட்டியது.
ஒருத்தி வந்தாள்
காப்பி குடித்தாள்
பைகளை வாய்விட்டு எண்ணினாள்
பிறகு நேராகக் கதவுக்கு வந்து
என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு
நடந்துவிட்டாள்.

துவோவி கத்தப்போனாள்.
அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.
எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது.

தெருவிளக்கின் கீழ் நின்று பொத்தான் போட்டாள்.
எந்தப் பக்கம் என்று
இந்தத் தூரத்தில் தெரியவில்லை.
ட்ராம் வந்தது.

கடைசியில் கொக்கியில் மிஞ்சியது
கருநீலக் கோட்டு ஒன்று,
பையில் உதட்டுக் களிம்பும்
பார்க்கிங் சீட்டும்.
அதைப் போட்டுக்கொண்டு வீடு போனேன்,
வழியெல்லாம் இடது மணிக்கட்டு விறைத்தது.

மூன்றாம் நாள் தொலைபேசி.
மன்னிப்புக் கேட்கவில்லை.
"என் சாவி உங்கள் பைக்குள் இறங்கிவிட்டது.
அடி ஓரத்தில் கிடக்கிறது,
நடந்தால் முழங்காலில் தட்டுகிறது."

தையலைப் பிரித்து எடுங்கள் என்றேன்.

"வேண்டாம், இன்னொரு சாவி இருக்கிறது"
என்றவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நேற்று வலப்பக்கம் மூடிப்போனேன், இன்று இடப்பக்கம்.
அலுவலகத்தில் ஒருவர்
முடி வெட்டினீர்களா என்று கேட்டார்."

பிறகு
"இதைத் தைத்தவருக்கு
தோளில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா?" என்றாள்.

அவனா, அவளா,
என் மொழி வழக்கம்போல் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஒடிந்து கூடியது என்றேன்.
குளிர்ந்தால் வலிக்கும்.

"அப்படியென்றால் அவரிடம் கேளுங்கள்,
கோட்டு இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்று."

ஒரு நிமிடம், கேட்டுச் சொல்கிறேன் என்று
தொலைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டு
கருநீலக் கோட்டின் இடக்கை மடிப்பை
ஊசிமுனையால் பிரிக்கத் தொடங்கினேன்.
இரண்டு விரல்கடை
உள்ளேயே இருந்தது.