நாற்பத்தொன்று, பதினேழு

ஆஸ்திரியாவிலிருந்து திரும்பிவந்த விதைகளைச்
சுங்க அதிகாரி கையால் தொடவில்லை.
"இருட்டில் ஒளிருமா?" என்றார்.
ஒளிராது. சூடில்லை, மணமில்லை.
போனபோது எப்படியோ அப்படியே வந்த
பழுப்புக் காராமணி, கண்ணில் ஒரு கறுப்பு.
உறைமேல் மட்டும் பென்சில் எண்கள்:
நூற்றைம்பது கிரே, முந்நூறு, அறுநூறு.

ஓவம்போ மணலில் விதைத்தோம்.
அறுநூறு முளைக்கவேயில்லை.
முந்நூறு சுருண்ட இலையோடு எழுந்து
எதையோ மறந்ததுபோல் நின்று, படுத்தது.
நூற்றைம்பதில் சில வெளிறிப் பிறந்தன;
பருப்பில் இருந்த சோறு தீரும்வரை
ஆறு நாள்.
அவற்றையும் எண்ணினேன்.
எண்ணுவதற்குத்தான் சம்பளம்.

மறு ஆண்டு, பிழைத்தவற்றின் மக்கள்.
ஒன்று கொடியோட மறுத்துக் குத்துச்செடியானது.
ஒன்று பூத்துக்கொண்டே இருந்தது,
ஒரு காய்கூட வைக்காமல்.
காமாக் கதிர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை,
இருட்டில் கல்லெறிகிறது.
எந்தப் பானை உடைந்தது,
எந்தச் சுவரில் சன்னல் விழுந்தது என்று
குனிந்து பார்ப்பது நாங்கள்.

ஜனவரியில் மழை நின்றது.
பிப்ரவரியிலும் வரவில்லை.
ஓஷானாப் பள்ளத்தில் சேறு ஓடு ஓடாய்ப் பெயர்ந்தது.
இரண்டாயிரத்து நூறு செடிகள்
நண்பகலில் தொங்கவிட்ட இலையை
மாலையிலும் நிமிர்த்தவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்:
நாற்பத்தொன்றாம் வரிசை, பதினேழாம் செடி,
நுனியில் ஏழு இடத்தில் கிள்ளல்.
ஆடு அல்ல. ஆடு கிழிக்கும்.
இது நகம்.

களையெடுக்கும் ரௌஹா மறைக்கவில்லை.
"கம்பங்களிக்குக் கீரை வேண்டாமா?
நாலு நாளாய் இந்த ஒன்றுதான் கிள்ளக் கொடுக்கிறது.
மற்றதெல்லாம் செருப்புத் தோல்."

திட்டத் திறந்த வாய் அப்படியே நின்றது.
என் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்:
உயரம், பூ நிறம், காய் நீளம்...
கிள்ளத் தகுமா என்று ஒரு கட்டம் இல்லை.

ஒரு செடி சாட்சி ஆகாது.
அதன் வேர் ஏதோ எலிவளையின் ஈரத்தை
எட்டியிருக்கலாம்.
அவள் தின்றது போக நாற்பத்துமூன்று விதை.
உறையிலிட்டுப் பூட்டிவைத்திருக்கிறேன்.

"வரும் பருவம் அதை எங்கே நடுவாய்?"
என்று கேட்டாள் ரௌஹா.
சொல்லவில்லை.
ஆயிரம் செடிக்கு நடுவே கலந்து நடுவேன்,
அடையாளக் குச்சி இல்லாமல்.
மழை பொய்த்த ஒரு வாரத்தில்
அவள் பசியோடு வந்து தேடட்டும்.
அவள் நகம் பதிந்த இடத்தை மட்டும்
பதிமூன்றாம் கட்டத்தில் குறித்துக்கொள்வேன்.