சேதாரம்

ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு எதிர்ச் சந்தில்
அடகுக் கடைத் தராசு.
மார்கழியில் என் சங்கிலி ஏறியது இதில்தான்.
பதினாறு கிராம்;
அழுக்குக்கு முன்னூறு மில்லி கழித்தார் கோவர்த்தனன்.
மீதி நாலு மோட்டாராச்சு, ஒரு பேட்டரியாச்சு.

இன்றைக்கு அதே தட்டில் ட்ரோன்.
மீன்பெட்டித் தெர்மாகோல் உடம்பு,
மூங்கில் சீவிய கைகள்.
திருகாணித் தலைகளை அரத்தால் ராவி,
ஒயரை விரல்விரலாய்க் குறைத்து,
கடைசியில்
என் பெயர் எழுதிய ஸ்டிக்கரையும் உரித்துவிட்டேன்.

இருநூற்று முப்பத்தொன்று.
“கல்லு கழிச்சா?” என்றார், பழக்கத்தில்.
“பேட்டரி கழிச்சா நூத்திமுப்பது.
ஆனா கழிக்க முடியாதுண்ணே,
கனமே அதுதான்,
பறக்கிறதும் அதாலதான்.”

இங்கேயே ஒருதரம் காட்டு என்றார்.
விசையைத் தள்ளினேன்.
ஒரு சாண் எழும்பியும்
எண் பூஜ்யத்துக்கு வரவில்லை;
இறக்கை தள்ளிய காற்று
தட்டை அழுத்திக்கொண்டே இருந்தது.
பிறகுதான் மேசையைப் பார்த்தோம்:
ரோஸ் ரசீதுகள் அத்தனையும் அந்தரத்தில்,
ஊரின் கழுத்துகளும் காதுகளும்.

கோவர்த்தனன் ஸ்டூல் போட்டுப் பொறுக்குகிறார்.
என்னுடையது
ஓடாத ஃபேனின் றெக்கைமேல்.
அதை மட்டும் நான் காட்டிக்கொடுக்கவில்லை.