வினைமுற்று

முதுகு உடைந்த பேரேடு.
போர்ட் லூயி துறைமுகம்,
ஆயிரத்து எழுநூற்று எழுபத்து நான்கு.
உள்ளே பிரெஞ்சில்:
அரிசி மூட்டை, ஒயின் பீப்பாய், இரும்பு ஆணி,
நனைந்து போனவைக்குத் தனிக்கணக்கு.

அட்டைமேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு
ஷாந்தால் சாப்பிடப் போனாள்.
திரும்பி வந்தபோது பசை இளகியிருந்தது.
காயத்தின் கட்டைப் பிரிப்பதுபோல
தோலை எடுத்தாள்.

அட்டைக்கு விறைப்பு வேண்டி
அந்தக் காலத்துப் பைண்டர்
கையில் கிடைத்த கழிவுத்தாளையெல்லாம் ஒட்டியிருக்கிறான்.
சீட்டுக்கட்டின் ஒரு ராணி.
ஜெபப் புத்தகத்தில் அரைப்பக்கம்.
அதற்கும் அடியில்
நான்கு விரல் அகலத்தில், தலைகீழாக,
தமிழ்.

"கி லி திர்?" என்றாள். என்னதான் சொல்கிறதாம்?

இந்தக் காப்பகத்தில் தமிழ் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
வேலாயுதத்தை யாரோ ஒரு குமாஸ்தா
வலாய்டன் என்று எழுதிவைத்த குடும்பம்;
சனிக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்து.
காப்பகம் இருக்கும் இந்த ஊர் கோரமண்டல்.
அது சோழமண்டலம் என்று ஷாந்தாலிடம் ஒருமுறை சொன்னேன்.
எனக்கு அது பஸ் நிறுத்தம் என்றாள்.

புள்ளி கிடையாது. கொம்பு குறிலா நெடிலா, தெரியாது.
காலும் ரகரமும் ஒரே கோடு.
மூன்று வரி தேறியது:

...ளவாயில் வேலை முடிய
...பணம் பதினொன்று மைத்துனன் வசம்
...காற்றுக்காலத்துக்கு முன் நான் வர

அங்கே கத்தி.
பைண்டருக்கு விளிம்பு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரலாம்.
வரமாட்டேன்.
வரவிட மாட்டார்கள்.
அந்தக் கோடு ரகரம் இல்லை, கால் என்றால்
வாரேன்.

பிரெஞ்சுக்காரன் மறுப்பை முன்னாலேயே சொல்லிவிடுவான்.
நாம்தான்
கடைசி அசைவரை ஆளைக் காக்க வைக்கிறோம்.

படிவத்தில் நிரப்பினேன்:
மொழி, தமிழ். வகை, கடிதம். நிலை, குறை.
ஷாந்தால் தாளைக் கண்ணாடிமேல் உலர வைத்தாள்.
"போனானா?"
தெரியாது என்பதற்கு
எனக்கு மூன்று மொழி தெரியும்.

வெட்டிய மிச்சத்தை அவன் எறிந்திருக்க மாட்டான்.
வேறொரு முதுகுக்குள் அது இருக்கும்.
அதே கைத்தையலில் நாற்பத்தொரு பேரேடுகள்
மாடி அலமாரியில் உறுதியாக நிற்கின்றன.
உடைந்ததை மட்டுமே பிரிக்கலாம் என்பது விதி.

பதினேழாம் பேரேட்டின் நூல் மட்டும்
கொஞ்சம் தளர்வு.

தினமும் அதைத்தான் எடுத்துத்
தூசி தட்டுகிறேன்.