லாஸ்ட்

கிரிம்ஸ்பி. பிப்ரவரி. மரண விசாரணை அறையில்
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
எட்னா ட்ரூரி கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
மடியில் கைப்பை, கைப்பைக்குள்
புருஷனுடைய புகையிலை டப்பா.
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எப்போது பார்த்தீர்கள் அவரை?
ஹெப்வொர்த் கேட்டார்.
லாஸ்ட் தர்ஸ்டே, என்றாள்.
போன வியாழனா? படகு போய் ஏழு வாரமாகிறதே?
போன வியாழனில்லை ஐயா,
கடைசியாக. ஒரு வியாழன்.
மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நான்
இரண்டு சொல்லுக்கும் நடுவே
ஒரு கமாவைச் செருகினேன்.
ஏழு வாரமும் அதற்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

அடுத்து கம்பெனி வக்கீல்.
"மை லாஸ்ட் ட்ரிப்" என்று கிளிஃப் ட்ரூரி
மதுக்கடையில் சொன்னாராமே,
அதற்கு முந்தின இரவு?
சாகப்போவது தெரியுமோ அவருக்கு?

எட்னா சிரித்துவிட்டாள்.
போன தடவையைச் சொல்லியிருப்பார்!
பாதி வலை ஹேடக் மீன்,
டீசலுக்குக்கூடக் கட்டவில்லை,
வாரமெல்லாம் அதே புலம்பல்.
பின்வரிசையில் இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.
சொன்னபோது அது போன பயணம்தான்.
சொல்தான் சும்மா இருக்காமல்
அவனோடு படகேறிவிட்டது.

தமிழென்றால் இந்த வம்பில்லை.
போன வேறு, கடைசி வேறு,
நடுவே ஒரு ஆளே நடந்து போகலாம்.

ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், என்றாள்
யாரும் கேட்காமலே.
பத்து வருஷம் உழைக்கும் என்றான் கடைக்காரன்.
அதற்கும் அவன் சொன்னது லாஸ்ட்தான்.
முடிவதற்கும் முடியாமலிருப்பதற்கும்
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எப்படித்தான் இவர்கள்
கடை நடத்துகிறார்களோ.

தீர்ப்பு: கடலில் காணாமற்போனார்.
லாஸ்ட் அட் ஸீ.
ராத்திரி என் நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
கடைசிக்கும் லாஸ்ட், காணாமற்போனதற்கும் லாஸ்ட்.
சிரிக்க அவசரப்பட்டுவிட்டேன் போல.
என் எழுத்துக்கும் அந்தக் கடலில்
ஒரு ஓட்டை இருந்திருக்கிறது.

இன்னொன்று. அது பதிவில் இல்லை.
எல்லாரும் எழுந்த பிறகு
என் மேஜைக்கு வந்து டப்பாவைத் திறந்து காட்டினாள்.
புகையிலை நிறைய இருந்தது.
மறந்துவிட்டுப் போனார் அன்றைக்கு.
துறைவரை ஓடினேன்.
படகின் முதுகுதான் தெரிந்தது, மேலே ஒருத்தன்,
மஞ்சள் கோட்டு, யாரென்று தெரியவில்லை.
அதைப் பார்த்ததாக எழுதிக்கொள்ளலாமா?

மெஷினுக்கு உறை போட்டாகிவிட்டது.
கழற்றினேன்.