அசைவால் கெட்ட படம்

துர்க்கு நகரில் மார்ச் மாதம். இரவு பத்தரை.
அவுரா ஆற்றில் பனி உடைகிற சத்தம்
இந்த அடித்தளம் வரைக்கும் இறங்காது.
இங்கே ஹீலியம் பம்பு மட்டும்
கொக் கொக் என்று,
அடைகாக்கும் கோழிபோல.

மூன்று வயது ஓட்சோ தூங்க வேண்டும்.
மருந்து கூடாது, ஆய்வின் விதி.
தானாகத் தூங்கி, அசையாமல்
நாற்பது நிமிடம்.

சத்தம் பழகட்டுமென்று
ஒலிப்பதிவு கொடுத்தனுப்பியிருந்தோம்.
ஆறு வாரம் படுக்கையருகே போட்டாளாம் பின்யா.
பழகியதற்கும் மேலே போய்விட்டது:
இப்போது அது இல்லாமல் கண் மூடுவதில்லை.
"பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ"
என்று சிரித்தாள்.
காலணியைக் கழற்றியிருந்தாள்,
சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது.

பதினொன்று நாற்பதுக்குத் தூங்கினான்.
ததும்பும் பாத்திரத்தை நகர்த்துவதுபோல்
தூக்கிக் கிடத்தினோம்.

திரையில் எழுந்தது மூளை.
இருபது வருடமாகப் பார்க்கிறேன்,
அந்த மடிப்புகளைக் கண்டால் இன்னும்
வாய் கொஞ்சம் திறந்துகொள்கிறது.

"இதில் ஆட்டிசம் எங்கே இருக்கிறது?"
நான் படம் எடுப்பவன், படிப்பவன் இல்லை.
ஆனாலும் நள்ளிரவு. வேறு யாருமில்லை.
கேள்விப்பட்டதைச் சொன்னேன்:
எல்லாக் குழந்தைக்கும் முதலில்
இணைப்புகள் அளவுக்கு மீறி முளைக்கும்,
பிறகு வேண்டாததை மூளையே கழித்துவிடும்.
சில பிள்ளைகளிடம்
அந்தக் கவாத்து மெதுவாக நடக்கலாம் என்கிறார்கள்.
எல்லாரிடமும் இல்லை. உறுதியாகவும் தெரியாது.
இந்தப் படத்தில் அதெல்லாம் தெரியாது.

கவாத்து என்றதும் நிமிர்ந்தாள்.
தீவில் அவளுக்கு நானூறு ஆப்பிள் மரம்.
வாரம் முழுக்க ஏணிமேல்தான் இருந்தாளாம்.
உள்ளங்கையைக் காட்டினாள், கொப்புளம்.
"வெட்டாத மரமும் பூக்கும்" என்றாள்.
சற்றுப் பொறுத்து,
"காய் சின்னதாக இருக்கும். நிறைய இருக்கும்.
சில வருஷம் கிளையே ஒடியும்."
மரத்தைப் பற்றித்தான் சொன்னாள்
என்று நினைக்கிறேன்.

முப்பத்தொன்றாம் நிமிடம்
ஒரு தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே
இயந்திரம் மூச்சு வாங்கியது, எட்டு விநாடி.
அந்த அமைதியில் விழித்துக்கொண்டான்.

அழவில்லை.
சத்தம் நின்ற இடத்தில் பிடித்து
அதே சுருதியில் முனகத் தொடங்கினான்.
அடுத்த தொடருக்குச் சுருதி மாற வேண்டும்.
மாறினான்,
இயந்திரத்துக்கு அரை விநாடி முன்னால்.

படிவத்தில் எழுதினேன்:
அசைவால் கெட்டது. மறுபடி வரவும்.
அந்தக் கட்டத்தில்
வேறெதுவும் எழுத இடமில்லை.

கார் நிறுத்தத்தில்
அவனை இருக்கையில் கட்டிவிட்டுப்
பின்யா வண்டியைக் கிளப்பாமல் இருந்தாள்.
கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.
இருந்தும் எனக்குக் கேட்டது
முப்பத்திரண்டாம் நிமிடம்,
முப்பத்து மூன்று.