காரணம் என்ற கட்டம்

பதினேழு நாளில் பதினோராயிரம் அதிர்வுகள்.
அநேகமானவற்றுக்கு மேய்கிற பசுகூடத் தலை நிமிர்த்தவில்லை.
எண்ணுவது என் வேலை.
அசோரஸ் தீவொன்றின் மேற்குச் சரிவில்,
பாலாடைக்கட்டிக் கிடங்கை ஒட்டிய நிலவறையில்
குந்தியிருக்கிறது என் அதிர்வுமானி.
பிரஷர் குக்கர் அளவுதான்.
விசில் மட்டும் அடிக்காது.

கசாப்புக்கடை குவால்தெர் கேட்டான்:
"வெடிக்குமா, தியோலிந்தா?"
தெரியாது என்றேன்.
"படித்தவள்தானே நீ?"
படித்ததால்தான் தெரியாது என்று சொல்ல வருகிறது.
எடை போட்ட இறைச்சியோடு
ஓர் எலும்பைச் சேர்த்துக் கட்டினான்,
பரிதாபப்பட்டு.

எர்மினியு பாதிரியாரும்
தெரியாது என்றுதான் சொன்னார்.
ஆனால் அவருடைய தெரியாதுக்குள்
உட்கார ஒரு நாற்காலி கிடந்தது.
என்னுடையதில் சதவீதம் மட்டும்.

ஞாயிறன்று
பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடத்தைத்
திருவிழாவுக்கு முன்பே வெளியே எடுத்தார்கள்.
நானூறு பேர், மேட்டுப் பாதையில், கிடங்கைத் தாண்டி.
நான் நிலவறையில் இருந்தேன்.
திரையில் வந்தார்கள்,
முகமில்லாமல், பாட்டில்லாமல்,
கம்பளிப்பூச்சிபோல் தடித்த ஒரு கோடாக.
விதிப்படி குறித்தேன்:
இரைச்சல். மனிதரால்.

அந்தக் கோட்டுக்குள்
சுல்மிராவின் ஊன்றுகோல் இருந்தது.
போன மாதம் மகனைக் கடலுக்குக் கொடுத்த
இல்துவார்த்தின் ரப்பர் பூட்ஸ் இருந்தது.
கருவிக்கு அது தெரியாது.
கருவியைக் குறை சொல்ல மாட்டேன்,
தெரிந்ததாக அது நடிக்கவுமில்லை.

நாலு பன்னிரண்டுக்கு
மண்டியிட்டார்கள்.

கோடு மெலிந்தது.
மெலிந்து, மெலிந்து,
ஊசியால் கீறியதுபோல் ஆனது.
தீவில் ஒரு டிராக்டர் ஓடவில்லை.
கறவை இயந்திரங்களை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.
அப்போதுதான் பார்த்தேன்,
அடியில்,
தூக்கத்தில் ஒருவர் பல்லை நறநறப்பதுபோல்,
விடாத, மிகச் சன்னமான நடுக்கம்.
எத்தனை நாளாக அங்கே இருந்ததோ,
டிராக்டர்களுக்குக் கீழே, மோட்டார்களுக்குக் கீழே,
நான் ஓட்டி வந்த வேனுக்கும் கீழே.

ஏழு நிமிடம்.
பிறகு எழுந்தார்கள், நடந்தார்கள்,
கம்பளிப்பூச்சி திரும்ப வந்தது.

லிஸ்பனுக்குச் செய்தி அனுப்பினேன்.
அன்றிரவே முதியவர்களையும் கைக்குழந்தைகளையும்
தீவின் மறுமுனைக்கு ஏற்றிப் போனார்கள்.
ஆறு வாரம்.
எதுவும் வெடிக்கவில்லை.
நறநறப்பு தானாக ஓய்ந்தது,
ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஜெபம் கேட்கப்பட்டது என்றது ஊர்.
கேட்கப்பட்டதுதான்,
நிலவறையில் இருந்து நான் கேட்டேனே.
வழக்கு அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

"ஒத்துக்கொள்" என்றான் குவால்தெர், கத்தியைத் துடைத்தபடி.
வெடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?
"வேண்டுதல் போதவில்லை என்று."
பார்த்தாயா, உன் நம்பிக்கை வெளியேற
ஒரு வாசல்கூட இல்லை.
"உன்னுடையதற்கு?"
வாசல் மட்டும்தான், கதவே கிடையாது.
நாளைக்கு ஓர் எண் உள்ளே வந்து
என்னை எழுந்து போகச் சொல்லலாம்.
அவன் நெடுநேரம் யோசித்தான்.
"அந்த வீட்டில் எப்படித் தூங்குகிறாய்?"

அந்த ஆறு வாரமும் நான் தூங்கவில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

பதிவேட்டை நிரப்பினேன்.
16:12 முதல் 16:19 வரை.
பின்னணி இரைச்சல்: மிகக் குறைவு.
காரணம்:
ஜெபம் என்று எழுதினேன்.
லிஸ்பனில் எவனோ சிவப்பில் கேள்விக்குறி போட்டுத்
திருப்பி அனுப்பினான்.
அடித்துவிட்டு, போக்குவரத்து இல்லை என்று எழுதினேன்.
அதுவும் உண்மைதான்.
அடித்த கோட்டுக்குக் கீழே முதல் சொல்
இன்னும் படிக்கிற மாதிரித்தான் இருக்கிறது.

பிறகு பாதிரியாரிடம் போனேன்.
அடுத்த முறை இன்னும் கொஞ்சம்
மண்டியிட்டிருக்க முடியுமா?
ஏழு நிமிடத் தரவு போதாது,
இருபதாவது வேண்டும்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
விரல் விட்டு எதையோ கணக்குப் பார்த்தார்.
"சுல்மிராவின் முழங்கால்" என்றார்,
"பத்து வரை தாங்கும்."