எட்டும் ஒன்றேபோல்

லிங்கராஜபுரம், மூன்றாம் குறுக்குத் தெரு.
கார் இல்லாதவள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்
மல்லாந்து கிடக்கிறது சட்டகம்.
இருபத்தைந்துக்கு இருபத்தைந்து சதுரக் குழாய், பதினாறு கேஜ்.
எஸ்.ஜே.பி. ரோட்டில் எடைபோட்டு வாங்கி
பாதியாய் வெட்டச் சொல்லி
ஆட்டோ கூரையில் கட்டி எடுத்து வந்தது.
"கேட் செய்யவா மேடம்?"
ஆமாம் என்றேன்.
கார் செய்ய என்றால்
இன்னும் ஐம்பது கேட்பார்.

வெல்டிங் மெஷின் மூச்சிழுக்கும்போதெல்லாம்
மாடியில் சகுந்தலம்மா வீட்டு டிவி கண் சிமிட்டும்.
அதனால் ஓர் உடன்படிக்கை:
ஏழிலிருந்து ஒன்பதரை வரை பற்றவைப்பதில்லை.
அந்நேரம் அரம் போடுகிறேன்,
துளைகளுக்கு மையம் குத்துகிறேன்,
மேலே யாரோ ஒரு மருமகள்
கன்னடத்தில் அழுவதைக் கேட்டபடி.
அழுகை மட்டும் எனக்கு முழுதாகப் புரியும்.

இரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும்.
சுருங்குவது சும்மா சுருங்காது,
அக்கம்பக்கத்தையும் தன் பக்கம் இழுக்கும்.
நேராய் வைத்தது கோணும்.
ஆகவே ஒரு மில்லி கோணலாய் வைக்கிறேன்,
நேராகிக்கொள்ளட்டும் என்று.
எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்:
இரண்டு நாள் லீவு வேண்டியவர்
நாலு நாளைக்கு எழுதித் தருவார்.
வெட்டிக் கையெழுத்து வாங்குவது
பதினேழு வருடமாக என் வேலை.

முன் சக்கரக் கைகளைப் பிடிக்கும் தாங்கிகள் எட்டு.
பிஸ்கட் பெட்டி அட்டையில் வரைந்து
மூன்று மில்லித் தகட்டில் அறுத்து
வைஸில் நெரித்து மடித்து
ஓரமாய்ப் பன்னிரண்டு மில்லித் துளை.
ஒரு வாரம் ஆயிற்று.
வரிசையாய் வைத்துப் பார்த்தேன்,
எட்டும் ஒன்றேபோல்.
எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அதுதான் பிழை.
வலப்பக்கத்துக்கானது
கண்ணாடிக்குள் தெரிவதுபோல் மடிந்திருக்க வேண்டும்.
மூன்றைப் பற்றவைத்துவிட்டு
நாலாவதில் போல்ட்டைச் செருகியபோது
அது சுவரைப் பார்த்தது.
கல்யாண மண்டபத்து வாசலில்
இரண்டு இடதுகால் செருப்போடு நிற்பவள்போல்
நின்றேன்.
சிரிக்கக்கூட ஆளில்லை.

ஞாயிறு, பூசை முடிந்து வந்து
கிரைண்டரை எடுத்தேன்.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
இறங்கி வந்தார் சகுந்தலம்மா.
"ஏனு ரெஜினாவ்ரே, இன்னிக்குமா?"
பதில் சொல்வதற்குப் பதில்
டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.
அந்த மூலையில் பிடியுங்கள். அழுத்தி.
இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
இப்போது இந்த மூலை.
நானூற்றுப் பதினைந்து.
"மூணு மில்லி அந்த்ரெ எஷ்டு?"
அவர் வளையலைத் தொட்டுக் காட்டினேன்.
"இஷ்டேனா?" என்றவர் போகவில்லை.
குனிந்து, மறுபடி அளக்கச் சொன்னார்.
இம்முறை நாக்கைக் கடித்துக்கொண்டு பிடித்தார்.
பதினைந்துதான்.

இது ரோட்டில் போகுமா என்று கேட்டார்.
கஸ்தூரிநகர் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருவர்
நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாய்க் கேட்டுவிட்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டதைச் சொன்னேன்.
"அப்புறம் எதுக்கு?"
தாங்கிக்கு என்றேன்.
அவருக்கும் புரியவில்லை, எனக்கும்.

மூன்றை அறுத்தெடுத்தேன்.
குழாயில் நீலமும் மஞ்சளுமாய்த் தீக்கறை,
தேய்த்த இடத்தில் அரை மில்லி மெலிவு.
பெயிண்ட் மூடிவிடும்.
ஆனாலும் குனியாமலே
எந்த இடம் என்று விரலுக்குத் தெரியும்.
புதிதாய் நாலு மடித்தேன்,
ஒவ்வொரு மடிப்புக்கு முன்னும்
வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு.

தீப்படாத அந்த நாலாவது தாங்கியை
சகுந்தலம்மா கேட்டு வாங்கிப் போனார்.
துளை வேறு இருக்கிறதே,
மொட்டைமாடியில் டிஷ்ஷை இறுக்கிக் கட்ட.
காற்றடித்தாலும் இப்போது படம் ஆடுவதில்லையாம்.
நான் பற்றவைத்தால் மட்டும்தானாம்.